கேம் ஏமாற்றவில்லை, பெட்டிதான் ஏமாற்றியது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் ஞாயிறு இணைப்பில் பழைய பொருட்கள் திரும்பி வருவதைப் பற்றிய கட்டுரையைப் படித்தேன். ரேடியோ, தூக்குவாளி, மண்பானை என்று எல்லாவற்றையும் நன்றாகவே எழுதியிருந்தீர்கள். நடுவில் ஓர் இடத்தில், அந்தக் காலத்து டிவி கேம் இப்போது ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கிறது, விடுமுறைக்கு ஒன்று வாங்கிக் கொடுத்தால் நாம் சின்ன வயதில் அனுபவித்த சந்தோஷத்தை நம் பிள்ளைகளும் அனுபவிப்பார்கள் என்கிற மாதிரி ஒரு வரி வந்தது. அந்த ஒரு வரிக்காகத்தான் இதை எழுதுகிறேன். மதுரை வில்லாபுரத்தில் 22 வருடமாக டிவி மெக்கானிக்காக இருக்கிறேன். அந்த வரியை நம்பி வாங்கினவர்கள் கடைசியில் வந்து நிற்கிற இடம் என் கடைதான்.

இந்தக் கோடை விடுமுறையில் மட்டும் ஐந்தாறு பேர் அந்த டிவி கேம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். எல்லாரும் முப்பத்தைந்து, நாற்பது வயதுக்காரர்கள். "அண்ணே, அமுக்குன நேரத்துக்கு மரியோ குதிக்க மாட்டேங்குறான்ணே, பட்டன் போயிருச்சான்னு பாருங்க" என்பார்கள். பட்டன் நன்றாகவே இருக்கும். விசாரித்தால், பையன் பத்து நிமிஷம் ஆடிவிட்டு போனை எடுத்துக்கொண்டான், இவரும் இரண்டு நாள் தனியாக ஆடிப் பார்த்துவிட்டு ஒன்றும் ஒட்டாமல் இங்கே கொண்டுவந்திருக்கிறார். போகும்போது ஒருவர் சொன்னார், "சின்னப் பிள்ளையில நாமதான் இதையெல்லாம் பெருசா நெனச்சுக்கிட்டோம் போலண்ணே." எனக்கு மனசுக்குக் கஷ்டமாகிவிட்டது. அப்படி இல்லை தம்பி, அன்றைக்கு நீங்கள் ஆடியது நல்ல கேம்தான், உங்களுக்கு இன்றைக்கு விற்றிருப்பது அது இல்லை என்று அவரை உட்கார வைத்து அரை மணி நேரம் பேசினேன். அதையே உங்கள் வாசகர்களுக்கும் சொல்லிவிடலாம் என்று தோன்றியது.

எங்கள் தெருவில் 1994 வாக்கில் ஒரு வீட்டின் முன் அறையில் இரண்டு டிவி போட்டு கேம் கடை நடத்தினார்கள். அரை மணிக்கு இரண்டு ரூபாய். நாங்கள் யாரும் கேம் பேரை முழுசாகச் சொன்னதில்லை. டாங்க் கேம், கார் கேம், காட்டுக்குள் துப்பாக்கியோடு ஓடுகிற காண்ட்ரா, அவ்வளவுதான். கேசட் ஓடவில்லை என்றால் கழற்றி வாயால் ஊதி மறுபடியும் சொருகுவோம். காண்ட்ராவில் மேலே மேலே கீழே கீழே இடது வலது இடது வலது பி ஏ என்று அமுக்கினால் 30 உயிர் வரும் என்பது எங்கள் தெருவுக்குள் எப்படி வந்து சேர்ந்தது என்று இன்றைக்கும் எனக்குப் புரியவில்லை. கொனாமி கம்பெனிக்காரர் ஜப்பானில் உட்கார்ந்து எழுதிய அந்த வரிசை, இன்டர்நெட் இல்லாத காலத்தில், வாய்வழியாகவே வில்லாபுரம் வரை வந்திருக்கிறது. நான் கண்ணால் பார்த்தது.

சரி, இப்போது விற்கிற பெட்டிக்கு வருகிறேன். அட்டையில் 620 கேம் என்று போட்ட ஒன்றைத் திறந்து பார்த்தேன். உள்ளே உள்ளங்கை அளவுக்கு ஒரு போர்டு, நடுவில் தார் சொட்டு விழுந்த மாதிரி ஒரு கருப்புக் குமிழ். மொத்த மெஷினும் அந்தக் குமிழுக்குள்தான். இந்த கேம்களுக்கெல்லாம் மூலமான, 1983-ல் ஜப்பானில் நிண்டெண்டோ விட்ட ஃபேமிகாம் மெஷினில் படத்துக்கு ஒரு சிப்பு, கணக்குக்கு ஒரு சிப்பு என்று தனித்தனியாக வைத்திருந்தார்கள். அதையெல்லாம் ஒரே சிப்பில் திணித்து, மலிவாகச் செய்து விடுகிறார்கள். செய்ததைச் சரியாகச் செய்திருந்தால்கூட ஒன்றும் சொல்ல மாட்டேன். மரியோவின் பாட்டு காதுக்குச் சரியாக விழவில்லை, சில இடத்தில் கலர் தப்பாக வருகிறது. அப்புறம் அந்த 620. ஒரு ராத்திரி கடை சாத்தின பிறகு நோட்டை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக ஓட்டினேன். ஒரே டாங்க் கேம் ஏழெட்டுப் பேரில் வருகிறது. மரியோவின் இரண்டாவது உலகத்திலிருந்து தொடங்கினால் அது ஒரு புது கேம், சட்டைக் கலரை மாற்றினால் இன்னொரு கேம். வேறு வேறு கேம் என்று நான் எழுதிக்கொண்டது ஒரு பக்கம்கூட நிறையவில்லை. பாதிக்கு மேல் யாரோ அவசரத்துக்குச் செய்துபோட்ட, பேர் தெரியாத சரக்கு. பணம் கொடுத்து வாங்கினவருக்கு முதலில் கண்ணில் படுவது அதுதான், அதைப் பார்த்துவிட்டு பழைய கேமே இவ்வளவுதான் போல என்று முடிவுக்கு வந்துவிடுகிறார்.

இரண்டாவது விஷயம் டிவி. இது என் தொழில் என்பதால் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன்.

பழைய பிக்சர் டியூப் டிவியில் சிக்னல் வந்த அந்த நொடியே படம். பின்னாலிருந்து வருகிற கதிர் கோடு கோடாகத் திரையில் எழுதிக்கொண்டே போகும், நடுவில் காத்திருப்பு எதுவும் கிடையாது. இப்போதைய எல்இடி டிவியில் அந்த மஞ்சள் வயரில் வருகிற சிக்னலை முதலில் எண்ணாக மாற்ற வேண்டும், பிறகு அந்தச் சின்னப் படத்தைப் பெரிய திரைக்குத் தக்கபடி இழுக்க வேண்டும், நடுவில் மெருகேற்றுகிறேன் என்று டிவி தன் பங்குக்கு நாலு வேலை பார்க்கும். எல்லாம் சேர்த்து வினாடியில் பத்தில் ஒரு பங்கு தாமதமானால்கூட, சீரியல் பார்க்கிறவருக்கு ஒன்றும் தெரியாது, பள்ளத்துக்கு முன்னால் பட்டனை அமுக்குகிறவருக்கு உயிர் போய்விடும். "அமுக்குன நேரத்துக்குக் குதிக்க மாட்டேங்குறான்" என்பது இதுதான். டிவி செட்டிங்கில் கேம் மோட் என்று ஒன்று இருந்தால் போட்டுப் பாருங்கள், தாமதம் ஓரளவு குறையும். படத்தின் அகல, உயர விகிதத்தை 16:9 என்பதிலிருந்து 4:3-க்கு மாற்றுங்கள், மரியோ குண்டாகத் தெரிவதாவது போகும்.

படமும் அப்படித்தான். அந்த மெஷின் கொடுப்பது குறுக்கே 256 புள்ளி, மேலிருந்து கீழே 240 புள்ளி. 14 அங்குலம், 20 அங்குலம் டியூப் டிவியில் அந்தப் புள்ளிகள் ஒன்றோடொன்று லேசாகக் கலந்து உருண்டையாகத் தெரியும். வரைந்தவர்களும் அந்த மாதிரி டிவியில் வைத்துப் பார்த்துத்தான் வரைந்தார்கள். அதையே 55 அங்குல எல்இடியில் இழுத்துப் போட்டால் ஒவ்வொரு புள்ளியும் செங்கல் மாதிரி நிற்கிறது. "அப்பா, இதுக்கு மூக்கே இல்ல" என்று ஒரு குழந்தை கேட்டதாம். அந்தக் குழந்தையின் அப்பாவுக்கு அன்றைக்கு மூக்கு தெரிந்தது, அவர் பொய் சொல்லவில்லை.

துப்பாக்கி கதை இதைவிட மோசம். போன மாதம் திருநகரிலிருந்து ஒருவர் வாத்து சுடுகிற கேமோடு வந்த துப்பாக்கியைக் கொண்டுவந்தார். எவ்வளவு சுட்டாலும் வாத்து விழவில்லை, இரண்டு தடவை மாற்றி வாங்கியும் இதே கதை என்றார். அந்தத் துப்பாக்கியிலிருந்து வெளியே எதுவும் போவதில்லை என்பது நிறைய பேருக்குத் தெரியாது. அதன் வாயில் வெளிச்சத்தை உணர்கிற ஒரு கண் இருக்கிறது, அவ்வளவுதான். விசையை இழுத்ததும் கேம் ஒரு கணம் முழுத் திரையையும் கருப்பாக்கி, அடுத்த கணம் வாத்து இருக்கிற இடத்தில் மட்டும் வெள்ளைக் கட்டம் போடும். துப்பாக்கியின் கண்ணுக்கு அந்த வெள்ளை பட்டால் வாத்து விழும். அந்தக் கணம் என்பது வினாடியில் அறுபதில் ஒரு பங்கு. எல்இடி டிவி அந்த வெள்ளைக் கட்டத்தைத் திரைக்குக் கொண்டுவருவதற்குள் கேம் "படவில்லை" என்று தீர்ப்பு எழுதி முடித்திருக்கும். அவருக்கு முன்னாலேயே என் கடையில் கிடந்த பழைய டியூப் டிவியில் வயரைச் சொருகி, அதே துப்பாக்கியை அவர் கையில் கொடுத்தேன். முதல் வாத்து விழுந்ததும் அந்த மனிதர் போட்ட சத்தத்தில் எதிர்த்த டீக்கடையில் இருந்தவர்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள். துப்பாக்கியில் ஒரு குறையும் இல்லை. எந்த டிவியில் வேலை செய்யும், எதில் செய்யாது என்று அந்த அட்டைப் பெட்டியில் ஒரு வரி போட்டிருந்தால் அவர் இரண்டு தடவை அலைந்திருக்க மாட்டார். அதைப் போடாமல் விற்பதுதான் எனக்குக் கோபம்.

வேகத்திலும் ஒரு சங்கதி இருக்கிறது. ஜப்பான், அமெரிக்காவில் டிவி வினாடிக்கு 60 தடவை படத்தைப் புதுப்பிக்கும், நம் ஊரில் பால் (PAL) என்கிற டிவி முறை, 50 தடவைதான். அறுபதுக்கு எழுதின கேமை அப்படியே ஐம்பதில் ஓடவிட்டால் ஆறில் ஒரு பங்கு மெதுவாகிவிடும். சின்ன வயதில் மெதுவாக ஓடின மெஷினில் கை பழகினவருக்கு இப்போது அறுபதில் ஓடுகிற பெட்டியைக் கொடுத்தால் எதிரி எல்லாம் பறக்கிற மாதிரி இருக்கும், வயசாகிவிட்டது என்று நினைத்துக்கொள்வார். அறுபதில் பழகினவருக்கு ஐம்பதைக் கொடுத்தால் சேற்றில் நடக்கிற மாதிரி. சோனி மாதிரி கம்பெனியே இதில் சறுக்கியிருக்கிறது. 2018 டிசம்பரில் பிளேஸ்டேஷன் கிளாசிக் என்று 20 கேமோடு ஒரு குட்டிப் பெட்டி விட்டார்கள், அதில் 9 கேம் ஐம்பதில் ஓடுகிற ஐரோப்பியப் பதிப்பு. அறுபதில் ஆடி வளர்ந்தவர்கள் எடுத்த எடுப்பிலேயே கண்டுபிடித்துவிட்டார்கள். வெளிவந்த கொஞ்ச நாளிலேயே விலையையும் இறக்க வேண்டியதாயிற்று.

என்னைவிடப் பத்து வயது சின்னவர்களுக்கு ஜிடிஏ வரிசையில் வந்த வைஸ் சிட்டி, சான் ஆண்ட்ரியாஸ் என்கிற கம்ப்யூட்டர் கேம்கள். பள்ளிக்கூடம் விட்டதும் பிரவுசிங் சென்டரில் மணிக்குப் பதினைந்து இருபது ரூபாய் கொடுத்து ஆடின கூட்டம் அது. 2021 நவம்பரில் ராக்ஸ்டார் கம்பெனி அந்த வரிசையில் மூன்று கேமைப் புதுப்பித்து ஒன்றாக விட்டது. விடுவதற்கு முன்னாலேயே பழையவற்றை விற்பனையிலிருந்து எடுத்துவிட்டார்கள். புதியதில் மழை பெய்தால் எதிரில் எதுவும் தெரியவில்லை, கடைப் பலகைகளில் எழுத்துப் பிழை, தெரிந்த முகங்கள் பொம்மை மாதிரி ஆகிவிட்டன. கடைசியில் கம்பெனியே மன்னிப்புக் கேட்டு, கம்ப்யூட்டரில் ஆடுகிறவர்களுக்குப் பழைய கேம்களைத் திருப்பிக் கொடுத்தது. என் அக்கா மகன் அதற்கு ஆறு மாதம் காசு சேர்த்தான். ஆடிப் பார்த்துவிட்டு அவன் சொன்னது, "மாமா, நம்ம தெருவுக்கு வந்த மாதிரியே இருக்கு, ஆனா யாரையுமே அடையாளம் தெரியல."

இதெல்லாம் விற்கிறவன் பக்கத்துத் தப்பு. ஆனால் பெட்டி நன்றாக இருந்து, டிவியும் சரியாக இருந்து, அப்போதும் பழைய கேம் சப்பென்று போகிற நேரம் உண்டு, அதையும் சொல்ல வேண்டும். காசு போட்டு ஆடுகிற மெஷினில் வந்த முஸ்தபா கேமை எடுத்துக்கொள்ளுங்கள். சின்ன வயதில் சித்திரைப் பொருட்காட்சிக்குத் தமுக்கம் மைதானம் போனால் எனக்கு அப்பளத்தைவிட, ராட்டினத்தைவிட அந்த மெஷின்தான் முக்கியமாக இருந்தது. அதன் உண்மையான பேர் கேடிலாக்ஸ் அண்ட் டைனோசார்ஸ், 1993-ல் கேப்காம் செய்தது, ஓர் அமெரிக்க காமிக்ஸை வைத்து எடுத்தது. முஸ்தபா என்பவன் அதில் வருகிற நாலு பேரில் ஒருவன். நம் ஊரில் பாய் வீட்டுப் பிள்ளை, நாடார் வீட்டுப் பிள்ளை என்று இல்லாமல் எல்லாரும் அவனைத்தான் எடுப்போம், அதனாலேயே கேமுக்கே அவன் பேர் வந்துவிட்டது. கேப்காம் 2018-ல் தன்னுடைய இந்த மாதிரி சண்டை கேம்கள் ஏழைச் சேர்த்து மறுபடியும் விட்டபோதுகூட இது அதில் இல்லை. அதனால் வீட்டில் ஆடுகிற முஸ்தபா என்று உங்களிடம் யார் விற்றாலும் அது கள்ளக் காப்பிதான்.

அந்தக் காப்பியை நானும் ஒரு தடவை ஆடிப் பார்த்தேன். உயிர் போனால் ஒரு பட்டனை அமுக்கினால் போதும், காசு போட்ட கணக்காகிவிடும், எத்தனை தடவை வேண்டுமானாலும். ஒரு மணி நேரத்தில் கதை முடிந்துவிட்டது. முடிந்ததும் எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. பொருட்காட்சியில் என் கையில் நாலு ஒரு ரூபாய்க் காசு இருக்கும், வியர்வையில் நனைந்து. மூன்றாவது காசில் கசாப்புக்காரன் வந்துவிடுவான், அரிவாளை வீசிக்கொண்டு. அவனைத் தாண்டினால் அடுத்தது என்ன என்று பார்க்க ஒரு காசு மிச்சம். பின்னால் ஏழெட்டுப் பேர் நின்று, அடி அடி, குதிச்சு அடி என்று கத்துவார்கள். காசு தீர்ந்துவிடும் என்கிற பயத்தை நம்பியே செய்த கேம் அது. ஜனங்களிடமிருந்து காசு வாங்க வேண்டும் என்பதற்காகவே எதிரியை அவ்வளவு கடுமையாக வைத்தார்கள். பயத்தை எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது பட்டனை அமுக்குகிற வேலை மட்டும்தான்.

வீட்டு கேமும் கஷ்டமாக இருந்ததற்குக் காரணம் இருக்கிறது. 1985-ல் வந்த சூப்பர் மரியோ கேம் மொத்தமே 40 கேபி. இன்றைக்கு வாட்ஸ்ஆப்பில் வருகிற ஒரு குட்மார்னிங் படம் அதைவிடப் பெரிது. இடம் போதாமல், மேகத்துக்கு வரைந்ததையே பச்சை அடித்துத் தரையில் புதராகவும் வைத்தார்கள், வேண்டுமானால் அடுத்த தடவை உற்றுப் பாருங்கள். அந்த 40 கேபிக்குள் 32 கட்டங்கள். விட்ட இடத்தைச் சேமித்து வைக்கிற வசதி கிடையாது, மெஷினை நிறுத்தினால் மறுபடியும் முதலிலிருந்துதான். கட்டம் எல்லாம் சுலபமாக இருந்தால் ஒரு சாயங்காலத்தில் முடித்துவிட்டு கேசட்டைத் தூக்கிப் போட்டுவிடுவார்கள். தோற்றுத் தோற்றுப் படிக்க வேண்டும் என்றுதான் செய்திருக்கிறார்கள். இப்போதைய போன் கேமில் ஒரு நிமிஷத்துக்கு நாலு பரிசு வாங்கிப் பழகின பிள்ளையின் கையில் இதை ஒரு வார்த்தையும் சொல்லாமல் கொடுத்தால் பத்து நிமிஷத்தில் கீழே வைக்காமல் என்ன செய்யும்?

பழசு என்பதற்காக எல்லாவற்றையும் தூக்கிக் கொண்டாடவும் மாட்டேன். அமெரிக்காவில் அடாரி கம்பெனி 1982-ல் வீட்டில் ஆடுவதற்காக விட்ட பேக்மேன் கேமில் பேய்கள் கண்ணைக் கூசுகிற மாதிரி மினுங்கும், கடை மெஷினில் ஆடினவர்களுக்கு அன்றைக்கே ஏமாற்றம். அதே வருடம் கிறிஸ்துமஸைப் பிடிக்க வேண்டும் என்று ஈ.டி. என்கிற ஹாலிவுட் படத்தின் பேரில் ஐந்து வாரத்தில் ஒருவரை வைத்து ஒரு கேம் செய்தார்கள். பள்ளத்தில் விழுவதும் ஏறுவதும்தான் அதில் பெரும்பாடு. விற்காமல் கிடந்த கேசட்டுகளை நியூ மெக்சிகோ பாலைவனத்தில் குப்பையோடு புதைத்து, 2014-ல் அதைத் தோண்டியும் எடுத்தார்கள். அந்த மாதிரி சரக்கு அந்தக் காலத்திலும் மோசம்தான், இன்றைக்கும் மோசம்தான். நம் தெருவுக்கு வந்த கேசட்டிலும் அப்படி எத்தனையோ இருந்தன, நாம் ஆடாமல் விட்டதால் ஞாபகத்தில் இல்லை.

அதனால் ஆசிரியர் அவர்களிடம் என் வேண்டுகோள், அந்தக் கட்டுரையோடு சேர்த்து இதையும் போடுங்கள். வாங்குகிறவர்கள் 620, 9999 என்கிற எண்ணைப் பார்க்க வேண்டாம், ஆட நினைக்கிற நாலு கேமின் பேரைச் சொல்லிக் கடையிலேயே ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். எல்இடி டிவி மட்டும் இருக்கிற வீட்டில் துப்பாக்கி வாங்கவே வாங்காதீர்கள். கைப்பிடி இரண்டு இருக்கிற பெட்டியாகப் பாருங்கள், பிள்ளையிடம் கொடுத்துவிட்டு நீங்கள் எழுந்து போகாதீர்கள்.

இன்னொன்று. 2006 தேர்தலுக்குப் பிறகு அரசு வீடு வீடாகக் கொடுத்த 14 அங்குல இலவச கலர் டிவி இன்றைக்கும் நிறைய வீட்டுப் பரணில் கிடக்கிறது. எடைக்குப் போட்டால் நூறு ரூபாய் தேறாது. இந்த கேம்களுக்கு அதைவிடப் பொருத்தமான டிவி இனிமேல் யாரும் செய்யப் போவதில்லை. படம் சுருங்கியிருந்தால் பெரும்பாலும் கண்டென்சர் என்கிற சின்ன பாகம் ஒன்றிரண்டை மாற்றுவதோடு முடிகிற வேலைதான், பக்கத்து மெக்கானிக்கிடம் காட்டுங்கள். நீங்களாக மூடியைக் கழற்றாதீர்கள், பிக்சர் டியூபில் கரண்டை எடுத்த பிறகும் ஷாக் நிற்கும்.

என் அக்கா வீட்டுப் பரணிலிருந்து அப்படி ஒன்றை இறக்கி, தூசி தட்டி, போன வாரம் கடையில் ஓரமாக வைத்தேன். அக்காவின் சின்ன மகள் டாங்க் கேமில் எனக்கு ஜோடியாக உட்கார்ந்தாள். முதல் இரண்டு ஆட்டத்தில் எங்கள் கோட்டையை அவளே சுட்டுவிட்டாள். மூன்றாவதில் தெரியாமல் என் டாங்கைச் சுட, நான் கொஞ்ச நேரம் நகர முடியாமல் நின்றேன். ஜோடியைச் சுட்டால் அப்படி ஆகும் என்று அவளுக்கு அப்போதுதான் தெரியும். அதற்குப் பிறகு எதிரியை விட்டுவிட்டு என்னையே சுட்டுக்கொண்டிருந்தாள். கடை சாத்துகிற நேரம் தாண்டி ஒரு மணி நேரம் ஆகிவிட்டது, அக்கா இரண்டு தடவை போன் பண்ணிவிட்டாள். "மாமா, இந்த டிவிய யாருக்கும் குடுத்துராத, நாளைக்கும் வருவேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள், மறுநாள் கூடவே இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தாள்.

இப்படிக்கு,
டிவி மெக்கானிக் ஒருவர்,
வில்லாபுரம், மதுரை.